தரவுத்தளத்தில் தேடுவது எப்படி? முள்ளுக் கத்தரி முதல் விரிஞ்சிபுரம் கல்வெட்டு வரை

அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் பேர்போனது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வேளாண்மை படிக்கும் மாணவி ஒருவர், கத்தரிக்காயைக் குடையும் புழுவைப் பற்றி என்னென்ன ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் ஆய்வுத் தரவுத்தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் கேட்டுப் பழகிய பழக்கத்தில், "வேலூர் முள்ளுக் கத்தரிக்காயில் புழுவை ஒழிப்பது எப்படி" என்று முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் தட்டுகிறார். ஒன்றும் வரவில்லை. சரி, இதைப் பற்றி யாரும் எழுதவில்லை போலிருக்கிறது என்று மூடிவிடுகிறார்.

கத்தரிக்காய்ப் புழுவைப் பற்றிப் பல நாடுகளில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவர் கேட்ட வார்த்தையில் எழுதவில்லை, அவ்வளவுதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். பெரிய நூலகத்துக்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய காலம் போய், காசில்லாமல் இத்தனை நூல்களும் கட்டுரைகளும் செல்பேசியிலேயே கிடைக்கும்போது, தேடத் தெரியாத ஒரே காரணத்தால் அது கைநழுவிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

தரவுத்தளம் என்பது பதிவுகளின் தொகுப்பு. ஒரு நூலோ கட்டுரையோ உள்ளே போகும்போது அதற்கு ஒரு பதிவு போடுகிறார்கள்: தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, வெளியிட்டவர், பொருள் குறிக்கும் சில சொற்கள், சில சமயம் ஒரு சுருக்கம். நூலகத்தில் மர இழுப்பறைக்குள் இருந்த அட்டைகளின் அதே வேலைதான். நீங்கள் பெட்டியில் தட்டும் சொல்லை அந்தப் பதிவில் இருக்கும் சொல்லோடு கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் காட்டும், பொருந்தாவிட்டால் காட்டாது. கூகுள் உங்கள் மனதை ஊகித்து, எழுத்துப் பிழையைத் திருத்தி, பக்கத்துச் சொல்லையும் சேர்த்துத் தேடித் தரும். பெரும்பாலான தரவுத்தளங்கள் அந்த அளவுக்கு இறங்கி வருவதில்லை.

ஆகவே தட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: இதை எழுதியவரும் பதிந்தவரும் என்ன வார்த்தை போட்டிருப்பார்கள்? கீழே சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி எதைத் தேடுகிறது? பதிவை மட்டுமா, நூலின் உள்ளே இருக்கும் எழுத்து முழுவதையுமா? பழைய நூல்களை இலவசமாகப் படிக்கத் தரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் எதையும் மாற்றாமல் தேடினால் நூல் விவரங்களில் மட்டும்தான் தேடும். உள்ளடக்கத்தில் தேட வேண்டும் என்றால் அதற்குரிய வாய்ப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் ஊரின் பெயர் ஏதோ ஒரு நூலின் 212ஆம் பக்கத்தில் இருக்கலாம். தலைப்பில் இருக்காது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமலேயே 'கிடைக்கவில்லை' என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

கத்தரிக்காய்க்கு வருவோம்

வாக்கியத்தை உடைப்போம். 'எப்படி', 'பற்றி', 'ஒழிப்பது' எல்லாம் தேவையில்லை. மிஞ்சுவது இரண்டு கருத்து: ஒன்று செடி, இன்னொன்று புழு. இனி ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பெயர் உண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

கத்தரிக்காய்க்கு இந்தியாவில் எழுதுபவர்கள் பிரிஞ்சால் என்பார்கள். அமெரிக்காவில் எக்பிளான்ட். இங்கிலாந்தில் ஆபர்ஜீன். தாவரவியல் பெயர் சொலானம் மெலோன்ஜினா. ஒரே காய்க்கு நான்கு பெயர். பிரிஞ்சால் என்று மட்டும் தேடினால் மற்ற பெயர்களில் எழுதப்பட்ட ஆராய்ச்சியெல்லாம் கண்ணில் படாமலே போகும். புழுவும் அப்படித்தான். நாம் காய்ப்புழு என்போம், வேளாண் துறையினர் தண்டு மற்றும் காய்த் துளைப்பான் என்பார்கள், பூச்சியியலில் அதன் பெயர் லூசினோடிஸ் ஆர்போனாலிஸ்.

இப்போது இவற்றைச் சேர்க்க வேண்டும். ஒரே பொருளைத் தரும் சொற்களுக்கு நடுவே 'ஆர்' (OR), வெவ்வேறு கருத்துகளுக்கு நடுவே 'அண்ட்' (AND). இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுவது நல்லது. சில தளங்கள் பெரிய எழுத்தில் இருந்தால்தான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ஒரே பொருள் தரும் சொற்களை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட வேண்டும். ஆங்கில எழுத்தில் நீங்கள் தட்ட வேண்டியது இந்த வடிவத்தில் இருக்கும்:

(பிரிஞ்சால் ஆர் எக்பிளான்ட் ஆர் ஆபர்ஜீன் ஆர் "சொலானம் மெலோன்ஜினா") அண்ட் ("லூசினோடிஸ் ஆர்போனாலிஸ்" ஆர் "ஃப்ரூட் போரர்")

இரட்டை மேற்கோள் குறி ஏன் என்றால், உள்ளே இருக்கும் சொற்கள் அதே வரிசையில் ஒட்டி வர வேண்டும் என்பதற்காக. அது இல்லாவிட்டால் ஃப்ரூட் ஓரிடத்தில், போரர் வேறிடத்தில் இருக்கும் பதிவும் வந்து நிற்கும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு நடத்தும் அக்ரிஸ் தளத்தில் இந்த மாதிரித் தேடிப் பாருங்கள், பதிவுகள் பக்கம் பக்கமாக வரும்.

வந்த பிறகு அடுத்த சிக்கல். பூச்சி எதிர்ப்பு மரபணு சேர்த்த பிடி கத்தரி பற்றிய கட்டுரைகள் நிறைய வந்து மறைக்கும். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது நினைவிருக்கும், அதையொட்டி எழுதப்பட்டவை ஏராளம். அவை வேண்டாம் என்று 'நாட்' (NOT) போட்டு பிடி என்ற சொல்லை நீக்கத் தோன்றும். இதில் கவனம் வேண்டும். வேப்பெண்ணெய் தெளித்துப் பார்த்த அருமையான ஒரு கட்டுரை, தன் சுருக்கத்தில் ஒரே ஒரு வரியில் பிடி கத்தரியைக் குறிப்பிட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். என் கருத்தில் தொடக்கக்காரர்கள் 'நாட்' பக்கமே போகாமல் இருப்பது நல்லது. வேண்டாததைக் கழிப்பதை விட, வேண்டியதைக் குறிக்கும் இன்னொரு சொல்லை 'அண்ட்' போட்டுச் சேர்ப்பது பத்திரமான வழி.

நட்சத்திரக் குறி என்றும் ஒன்று உண்டு. சொல்லின் அடியை எழுதி நட்சத்திரம் போட்டால் அதன் எல்லா முடிவுகளும் வரும். ஒருமை பன்மைத் தொல்லைக்கு நல்ல மருந்து.

நல்ல பதிவு ஒன்று கிடைத்துவிட்டால் உடனே கோப்பைப் பதிவிறக்கம் செய்ய ஓடாதீர்கள். அந்தப் பதிவை நிதானமாகப் படியுங்கள். அதில் பொருள் சொற்கள் என்று கொடுத்திருப்பார்கள். அவற்றில் உங்களுக்குத் தோன்றாத ஒன்றாவது இருக்கும். அதை எடுத்து அடுத்த தேடலில் போடுங்கள். அப்புறம், அந்தக் கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் தேடியவர் ஒருவர் தன் உழைப்பை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மருத்துவம், செவிலியர் படிப்புக்காரர்கள் வேலூரில் அதிகம். அவர்களுக்காக ஒன்று. மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிலையான பெயர் வைத்திருக்கிறார்கள். மாரடைப்புக்கு நீங்கள் ஹார்ட் அட்டாக் என்று தட்டினாலும், அது மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்ற நிலையான பெயரையும் தானே சேர்த்துத் தேடும். ஆனால் மேற்கோள் குறியோ நட்சத்திரமோ போட்டவுடன் இந்த உதவி நின்றுவிடும். ஆகவே பப்மெட்டில் முதல் தேடலை எந்தக் குறியும் இல்லாமல் செய்யுங்கள். பொதுவாக அங்கே கிடைப்பது சுருக்கம்தான். முழுக் கட்டுரை இலவசமாக வேண்டும் என்றால் அதற்கென்று பக்கத்தில் ஒரு ஃபில்டர் இருக்கிறது.

தமிழில் தேடும்போது

தமிழ்ச் சொல் வேற்றுமை ஏறினால் உருமாறும். இதைக் கணினி கண்டுகொள்ளாத தளங்கள்தான் அதிகம். 'வேலூர்' என்று தட்டுகிறீர்கள். நூலில் 'வேலூரில்', 'வேலூரின்' என்று இருக்கிறது. நம் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கோ 'ர்' என்பது ரகரமும் புள்ளியும், 'ரி' என்பது ரகரமும் இகரக் குறியும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இகரம் இருப்பதால் பொருந்தவில்லை என்று தள்ளிவிடும். எனவே நட்சத்திரக் குறியை ஏற்கும் தளமாக இருந்தால் புள்ளி இல்லாமல் 'வேலூர' வரை எழுதி நட்சத்திரம் போட்டுப் பாருங்கள்.

ஆற்காடு இதைவிடச் சிக்கல். 'ஆற்காட்டில்', 'ஆற்காட்டு நவாப்' என்று டகரம் இரட்டிப்பதால், 'ஆற்காட' வரைதான் மாறாத பகுதி. இதோடு முடியவில்லை. 'ஆர்க்காடு', 'ஆர்காடு' என்று எழுதியவர்களும் உண்டு. 'வடாற்காடு' என்று சேர்த்து எழுதிவிட்டால் 'ஆ' என்ற எழுத்தே மறைந்து காலாகிவிடுகிறது. 'ஆற்காட' என்று தேடினாலும் அது சிக்காது. சரி, பொதுவாக இருக்கும் 'ற்கா'வைப் போடலாமே என்றால் 'அதற்காக', 'இதற்காக' எல்லாம் வந்து குவிந்துவிடும். வேறு வழியில்லை, ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டியதுதான். கூடவே 'ஜில்லா', 'தாலூகா' இரண்டையும் மறக்க வேண்டாம். மாவட்டம், வட்டம் என்பதெல்லாம் பிற்பாடு பரவிய வழக்கு. பழைய பதிவுகளில் வட ஆற்காடு ஜில்லாதான்.

ஆங்கில எழுத்திலும் இதே கதை. குடியாத்தம், வாலாஜா, வாணியம்பாடி ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு விதமான ஆங்கில எழுத்துக் கூட்டல் புழக்கத்தில் இருக்கிறது. ஆம்பூருக்குப் பழைய ஆங்கில நூல்களில் நடுவே இரண்டு 'ஓ' போட்டிருப்பார்கள்.

வருடிச் (ஸ்கேன் செய்து) சேர்த்த பழைய நூல்களில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. படமாக இருக்கும் பக்கத்தை எழுத்தாக மாற்றுவது ஓசிஆர் என்ற மென்பொருள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வேறு வடிவில் இருக்கும். மென்பொருள் அவற்றைப் பலமுறை தப்பாகப் படிக்கிறது. திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளுங்கள், 'ணா' ஒன்று, 'லை' ஒன்று, இரண்டு இடத்தில் அடி வாங்கும். பழைய நூலில் அந்த ஊரைத் தேடுகிறவர் 'திருவண்' என்று நிறுத்திக்கொண்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சில பிடிஎஃப் கோப்புகள் பார்க்கத் தமிழாக இருக்கும், தேடினால் எதுவும் வராது. ஒருங்குறி (யூனிகோடு) வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அவை. ஒரு வரியைப் படியெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். புரியாத ஆங்கிலக் குறிகளாக விழுந்தால், அந்தக் கோப்பில் தேடிப் பயனில்லை, கண்ணால்தான் புரட்ட வேண்டும்.

ஊரைத் தேடுகிறவர்களுக்கு

தன் ஊரின் வரலாற்றைத் தேடுகிறவர்கள்தான் எனக்கு மிகவும் நெருக்கமானவர்கள். அவர்கள் அறிய வேண்டிய முதல் விஷயம்: மாவட்ட எல்லை நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, பதிவு பழைய எல்லையிலேயே நிற்கிறது.

2019இல்தான் வேலூர் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. 1989இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. அதற்கும் முன்னால் போனால், 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரம் இப்போது ஆந்திராவில் இருக்கும் சித்தூர். ஆகவே அந்தக் கால மாவட்ட நிர்வாகத்தைத் தேடுகிறவர் சித்தூர் என்ற பெயரிலும் தேட வேண்டும்.

திருப்பத்தூர்க்காரர் ஒருவர் 1800களில் தன் ஊர் எப்படி இருந்தது என்று அறிய, 1881இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை எடுக்கிறார். அவர் தாலூகா அதில் இல்லை. காரணம் எளிது: 1911 வரை திருப்பத்தூர் தாலூகா சேலம் ஜில்லாவில் இருந்தது. அவர் எடுக்க வேண்டியது 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் கையேடு. அதே மாதிரி திருவண்ணாமலைத் தாலூகா அப்போது தென் ஆற்காட்டில். இது தெரியாமல் எத்தனை திறமையாகத் தேடினாலும் தப்பான நூலுக்குள்தான் தேடிக்கொண்டிருப்போம். போதாக்குறைக்குச் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. வாணியம்பாடி, ஜவ்வாது மலை என்று பக்கத்து இடம் ஒன்றை 'அண்ட்' போட்டுச் சேர்த்தால் நம் திருப்பத்தூர் மட்டும் நிற்கும்.

காலத்துக்குக் காலம் சொல்லும் மாறும். வேலூருக்கு மேற்கே விரிஞ்சிபுரம் கோயிலில் 1425ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. படைவீட்டு இராஜ்யத்துப் பிராமணர்கள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. இனித் திருமணம் கன்னியாதானமாகவே நடக்க வேண்டும், பெண்ணுக்காகப் பொன் வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் தண்டனைக்கு உரியவர் என்று அது சொல்கிறது. சமூக வரலாறு படிக்கும் எவருக்கும் பொக்கிஷம். இதை வரதட்சணை என்று தேடினால் கிடைக்காது. அந்தச் சொல் கல்வெட்டில் இல்லை, விஷயமும் நேர்மாறானது: பொன் வாங்குவது பெண் வீட்டார். கன்னியாதானம், படைவீடு, விரிஞ்சிபுரம் என்று தேடுகிறவருக்கு கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி கையில் வந்து விழும். இன்டர்நெட் ஆர்க்கைவில் அந்தத் தொகுதி இருக்கிறது.

எழுதியவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதும் சொல்லைத் தீர்மானிக்கும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்ததை நாம் புரட்சி, எழுச்சி என்கிறோம். ஆங்கிலேயரின் ஆவணங்களில் அது கலகம், படுகொலை. நம் சொல்லால் தேடினால் நம்மவர் எழுதியது மட்டும் வரும், அவர்கள் சொல்லால் தேடினால் மூல ஆவணங்கள் வரும். இரண்டும் வேண்டும். இங்கே ஆள் பெயர் பெரிதும் கைகொடுக்கும். அன்று கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட், ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்த கில்லஸ்பி. எந்தப் பக்கத்தவர் எழுதினாலும் இந்தப் பெயர்கள் மாறாது. அபூர்வமான பெயர் ஒன்று, பொதுவான சொற்கள் பத்தை விட நன்றாகச் சலித்துத் தரும்.

ஆனால் பெயரிலும் குழப்பம் உண்டு. வேலூரில் 1900இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைத் தேடினால், அதே மருத்துவமனையில் பணிசெய்த அவருடைய சகோதரர் மகளும் வருவார். அவர் பெயரும் ஐடா ஸ்கடர்தான். நூலகப் பட்டியல்களில் குடும்பப் பெயரை முன்னால் போட்டு, பிறந்த இறந்த ஆண்டையும் சேர்த்து ஆளைப் பிரித்திருப்பார்கள். மூத்தவர் 1870–1960 என்று இருப்பார். தமிழ்ப் பெயர்களில் சிக்கல் வேறு மாதிரி: திருப்பத்தூரோடு நெருங்கிய தொடர்புடைய மு. வரதராசனைப் பதிந்தவர்கள் மு.வ., வரதராசனார், வரதராஜன் என்று பலவிதமாகப் பதிந்திருக்கிறார்கள். தலைப்பெழுத்தை விட்டுவிட்டு 'வரதரா' என்ற பகுதியை மட்டும் போடுவது உத்தமம்.

எங்கே தேடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இலக்கிய மூலங்களைத் தட்டச்சு செய்த எழுத்தாகவே பெற மதுரைத் திட்டமும் தமிழ் விக்கிமூலமும், ஓசிஆர் தொல்லை அங்கே குறைவு. ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா. காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளை அங்கே பல்கலைக்கழகப் பெயர் வழியாகவே திறந்து, துறை துறையாகப் புரட்டலாம். தேடல் பெட்டி கைவிட்ட நேரத்தில் இப்படிப் புரட்டுவதுதான் காப்பாற்றும். தமிழில் எழுதிய சில ஆய்வேடுகளின் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துப் பதிந்திருப்பார்கள், தமிழில் தட்டினால் அவை வராது.

முடிவுகள் ஆயிரக்கணக்கில் வந்தால் இன்னொரு கருத்தை 'அண்ட்' போட்டுச் சேருங்கள், அல்லது ஆண்டு ஃபில்டரைக் குறுக்குங்கள். ஒன்றும் வராவிட்டால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: மறந்துபோய்ப் பழைய ஃபில்டர் ஏதாவது அப்படியே இருக்கிறதா, எழுத்துக் கூட்டலில் வேறு வடிவம் பாக்கி இருக்கிறதா. இரண்டும் இல்லை என்றால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள்.

எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொல்லைப் போட்டு, எத்தனை முடிவு வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். அப்படியும் கிடைக்காதபோது அந்த நோட்டோடு நூலகரிடம் போய் உட்காருங்கள். 'ஒன்றும் கிடைக்கவில்லை சார்' என்று வெறுங்கையோடு நிற்பவருக்கு அவரால் பொதுவாகத்தான் ஏதாவது சொல்ல முடியும். நோட்டைக் காட்டினால், எந்தச் சொல் விட்டுப்போயிருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார்.